விலகச் சொல்வது சுலபம், வழி எங்கே?

“பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள். உங்களை யார் கட்டி வைத்திருக்கிறார்கள்?”

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருக்கும் மெட்டா கம்பெனியைப் பற்றி யார் குறை சொன்னாலும் தயாராகக் காத்திருக்கும் பதில் இதுதான். படித்த கனவான்கள் இதைச் சொல்லுகிறார்கள். கம்பெனியின் வக்கீல்கள் இதையே கோர்ட்டில் வாதமாக வைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றுகிறது. கடை பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகிறோம். இதில் மட்டும் என்ன கஷ்டம்?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் புதிய நிபந்தனைகளைக் கோடிக்கணக்கான மக்கள் முன்னால் நீட்டியது. தாய்க் கம்பெனியான ஃபேஸ்புக்குடன் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குச் சம்மதம் தர வேண்டும், பிப்ரவரி 8-க்குள் தராவிட்டால் தொடர்ந்து பயன்படுத்த முடியாது என்றது. இதை எதிர்த்து ஒருவர் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனார். அங்கே விசாரணையின்போது நீதிபதி சொன்ன அபிப்பிராயம் என்ன? அது ஒரு தனியார் செயலி, சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம், வேண்டாமென்றால் வேறு செயலிக்குப் போகலாம் என்பதே.

இந்தப் புத்திமதி நடைமுறைக்கு ஒத்துவருமா? நீலகிரி மலையில், கோத்தகிரித் தாலுகாவில் வைத்துப் பரீட்சை செய்து பார்ப்போம்.

கோத்தகிரியில் ஒரு நாள்

நெடுகுளாவிலோ கீழ் கோத்தகிரியிலோ ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு எந்தப் பேக்டரி கொழுந்துக்கு என்ன விலை போடுகிறது, இலை எடுக்கும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் தெரிகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துச் செய்தியும் அதில்தான் வருகிறது. மகன் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறான்; பேரப்பிள்ளையின் முகத்தை அதில்தான் பார்க்க வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் சுற்றுக் கிராமங்களுக்குச் செய்தி போவதும் அதன் வழியாகத்தான். மழைக்காலத்தில் குஞ்சப்பனை பக்கம் ரோட்டில் மண் சரிந்துவிட்டதா, மேட்டுப்பாளையம் பஸ் போகிறதா, தோட்டத்துப் பாதையில் கரடி நிற்கிறதா, காட்டெருமை நிற்கிறதா, எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான்.

தோட்டத் தொழிலாளியின் நிலைமையும் வேறல்ல. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிழைக்க வந்து நம் மலையில் கொழுந்து பறிக்கும் பெண், இரவில் லயத்து வாசலில் உட்கார்ந்து ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தன் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அவளிடம் போய், “நிபந்தனை பிடிக்காவிட்டால் விட்டுவிடு அம்மா” என்று உபதேசம் செய்வது யோக்கியமா?

இவர்களில் ஒருவர் நாளைக்கே அந்தச் செயலியை அழித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு நஷ்டம்? 2021-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் மட்டும் வாட்ஸ்அப் உபயோகிப்பவர்கள் 53 கோடிப் பேர். அதில் ஒருவர் குறைந்தால் கம்பெனிக்கு உறைக்கவே உறைக்காது. விலகியவருக்கோ கொழுந்து விலை தெரியாது, பள்ளிக்கூடச் செய்தி தெரியாது, சாவுக்குக்கூட நேரத்தில் போய்ச் சேர முடியாது. அவர் விட்டது ஒரு கம்பெனியை மட்டும் அல்ல, தன் ஊரையே விட்டுவிடுகிறார். கடையை மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடையில் நமக்குத் தேவையானது சரக்கு; அது வேறு கடையிலும் கிடைக்கும். இங்கே நமக்குத் தேவையானது நம் மனிதர்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள். வேலியின் சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

கொழுந்து சொல்லும் பாடம்

இந்தக் கட்டு நமக்குப் புதிதல்ல. பறித்த கொழுந்து அன்றைக்கே பேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். நெல்லைப் போல் பத்தாயத்தில் கொட்டிவைத்து விலை ஏறும்போது விற்க முடியாது. ஒரு நாள் தாமதித்தால் இலை கெட்டுக் குப்பையாகிவிடும். ஆகவே தனி விவசாயியிடம் பேக்டரிக்காரர், “விலை பிடிக்கவில்லையா? கொடுக்க வேண்டாம்” என்று தாராளமாகச் சொல்லலாம். சட்டப்படி அவர் சுதந்திர மனிதர்தான். ஆனால் அந்தச் சுதந்திரம் மாலைக்குள் கூடையிலேயே வாடிப்போகும்!

இதற்கு நம் மலை கண்ட பதில் என்ன? தேயிலையே பயிரிடாதே என்று யாரும் சொல்லவில்லை. சிறு விவசாயிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஆலை வைத்தார்கள். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு கட்டபெட்டு, கைகாட்டி என்று பல இடங்களில் வந்தன. இண்ட்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் அவை இன்றும் நடக்கின்றன. கூட்டுறவு ஆலை வந்ததும் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் கதை சொல்லவில்லை. நிர்வாகக் குறை உண்டு, பாக்கி உண்டு, சில நாளில் தனியார் பேக்டரி கூடுதல் விலை கொடுப்பதும் உண்டு. பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரியை அடுத்த நட்டக்கல்லில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருக்க வேண்டித்தான் வந்தது. ஆனாலும் போவதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது என்பதே ஒரு பலம். வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தால் காவல்காரன் சொன்னதுதான் சட்டம்.

இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு கதையும் தெரிந்திருக்கும். அங்கே ஒரு காலத்தில் ‘துண்டு’ முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டுக் காகிதம் வேண்டும். கடனோ கங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். “விருப்பமில்லாவிட்டால் போகலாமே” என்றுதான் அன்றைய துரைமார்களும் சொன்னார்கள். 1921-ல் சட்டம் செய்துதான் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது.

அன்று தொழிலாளியைக் கட்டியது கடன். இன்று நம்மைக் கட்டுவது உறவு. லயத்துக் கொடுமையையும் செல்போன் தொல்லையையும் ஒரே தராசில் வைப்பது நம் நோக்கம் அல்ல. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. விலகும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. விலகினால் பிழைக்க வழியும் இருக்க வேண்டும்.

போனவர்கள் என்ன கண்டார்கள்?

மக்கள் முயற்சி செய்யாமல் இல்லை. 2019 நவம்பரில், மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதைக் கண்டித்து, இந்தியாவில் பலர் மாஸ்டடான் என்ற பொது அமைப்புக்குப் போனார்கள். யாருக்கும் ஏகபோகச் சொந்தமில்லாத நல்ல அமைப்பு அது. பரபரப்பு அடங்கியதும் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் நிபந்தனைகளைக் கண்டு கோபமடைந்தவர்கள் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் திரண்டு ஓடினார்கள். கம்பெனி நடுங்கிப்போய்க் கெடுவை மே 15 வரை தள்ளிவைத்தது. ஆனால் ஓடியவர்களில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பை அழித்தார்கள்? சொந்தக்காரர்களும் சகதொழிலாளிகளும் அங்கேயே இருந்ததால், இவர்களும் ஒரு காலை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ட்விட்டருக்குப் போட்டியாக பெங்களூரில் 2020-ல் கூ ஆரம்பித்தார்கள். மந்திரிகள்கூடப் போய்ச் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோ கம்பெனியின் ‘அரட்டை’க்கு 2025 செப்டம்பரில் திடீரென்று கூட்டம் பெருகியது. மூன்றே நாளில் தினசரிச் சேர்க்கை 3,000-லிருந்து 3,50,000 ஆயிற்று என்று அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். தமிழ்ப் பெயருடைய ஒரு செயலி தேசம் முழுவதும் முதலிடத்துக்கு வந்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் சில வாரங்களில் அலை தணிந்தது. சேர்ந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது, பேச வேண்டியவர்கள் அங்கே இல்லை. தவிர, சுதேசிக் கம்பெனியின் வேலியும் வேலிதான். இன்று நல்லவர் கையில் இருக்கும் சாவி நாளை யார் கைக்குப் போகும்? வாட்ஸ்அப்பும் விளம்பரமே இல்லை என்ற பெருமையோடுதான் தொடங்கியது. 2014-ல் 1,900 கோடி டாலர் விலை பேசி ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2025 ஜூனில் அதிலும் விளம்பரம் வருகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. 2020 ஜூன் 29-ல் மத்திய சர்க்கார் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஒரே இரவில் கோடிக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். உலகம் அழிந்துவிடவில்லை. ஏன் முடிந்தது? எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். யாரும் தனியாக நிற்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தது எங்கே? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு முதலாளியின் பட்டியிலிருந்து இன்னொரு முதலாளியின் பட்டிக்கு மந்தையாக மாற்றப்பட்டார்கள்! சேலை கட்டும் பெண்ணும் ஏர் பிடிக்கும் விவசாயியும் பாடி ஆடிச் சேர்த்துவைத்த ரசிகர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் காணாமற்போனார்கள். மேலிருந்து விழும் தடை விடுதலை ஆகாது. அது நாளை நமக்குப் பிடித்த குரலையும் அடைக்கும்.

இந்த அனுபவங்களின் சாரம் என்ன? தனி மனிதன் விலகுவது கடினம், கூட்டமாக விலகுவது சாத்தியம். கூட்டமாக விலகினாலும் போகும் இடமும் வேலியாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. ஆர்குட் என்ற ராஜ்யமும் ஒரு காலத்தில் அசைக்க முடியாததாகத்தான் தோன்றியது. 2014 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது. எந்த ஏகபோகமும் சிரஞ்சீவி அல்ல. ஆனால் ஆர்குட்டின் இடத்தைப் பிடித்தது யார்? ஃபேஸ்புக்!

அபராதம் போதாது

சட்டம் சும்மா இருந்ததா என்று கேட்கலாம். 2022 ஆகஸ்டில் அதே டில்லி ஹைக்கோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச், ‘ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு’ என்ற நிலையில் மக்கள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று கூறி, போட்டி ஆணையத்தின் விசாரணைக்கு எதிரான கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது. முதலில் ‘விருப்பம்’ என்று சொல்லப்பட்டது, ஒன்றரை வருஷத்தில் நிர்ப்பந்தம் என்று அதே கோர்ட்டில் தெளிவாயிற்று. 2024 நவம்பரில் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாட்ஸ்அப் விவரங்களை விளம்பரத்துக்காகத் தன் மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுக்க ஐந்து வருஷத் தடையும் போட்டது. 2025 நவம்பரில் அப்பீல் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்து வருஷத் தடையை ரத்து செய்தது.

213 கோடி என்றால் நம் காதுக்குப் பெரிய தொகை. மெட்டாவின் 2024-ம் வருஷ வருமானம் சுமார் 16,450 கோடி டாலர், அநேகமாக முழுவதும் விளம்பர வருமானம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த அபராதம் அதன் ஒன்றரை மணி நேர வருமானத்துக்குள் அடங்கிவிடும். கோத்தகிரி பஸ் மேட்டுப்பாளையத்தில் இறங்குவதற்குள் சம்பாதித்துவிடுவார்கள்! அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். வேலி அப்படியே நிற்கும்.

வேண்டியது வாசல்

அப்படியானால் வழி என்ன? வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பி.எஸ்.என்.எல். செல்போனிலிருந்து எந்தக் கம்பெனி நம்பருக்கும் பேசலாம். கம்பெனிகள் கருணை கொண்டு செய்த ஏற்பாடா இது? சட்டம் கட்டாயப்படுத்திய ஏற்பாடு. 2011 ஜனவரி 20 முதல் தேசம் முழுவதும் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமையும் வந்தது. அதற்கு முன்னால் “நம்பர் போய்விடுமே” என்று பயந்து எத்தனை பேர் கெட்ட சேவையைச் சகித்துக்கொண்டிருந்தோம்!

ஜான்ஸ்டோன் சதுக்கத்து டீக்கடைக்குப் போங்கள். கடைக்காரர் ஒட்டியிருக்கும் அட்டை ஒரு கம்பெனியுடையது. நம் செல்போனில் இருப்பது வேறு கம்பெனியின் செயலி. ஆனாலும் யு.பி.ஐ. மூலம் பணம் போய்ச் சேருகிறது. அங்கேயும் இரண்டு கம்பெனிகள் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது உண்மையே. ஆனால் அவற்றை விட்டு வேறு செயலிக்குப் போகிறவர் பணம் அனுப்பும் உரிமையை இழப்பதில்லை. பணத்துக்கு முடிந்த காரியம் பேச்சுக்கு ஏன் முடியாது? ஒரு செயலியிலிருந்து எழுதினால் இன்னொரு செயலிக்குப் போய்ச் சேரவேண்டும். அப்போது அந்தத் தோட்டத் தொழிலாளிப் பெண் தாயை இழக்காமலே கம்பெனியை மாற்றலாம்.

இது கனவல்ல. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் 2024 மார்ச்சில் பெரிய கம்பெனிகளின் மேல் அமலுக்கு வந்தன. அதன் பலனாக 2025 நவம்பரில், பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்னச் செயலிகளுக்கு வாட்ஸ்அப் தன் கதவைத் திறக்க வேண்டிவந்தது. செய்தியின் ரகசியம் கெடாமல் இதைச் செய்ய வேண்டும் என்பதும் அங்கே சட்டம். ஐரோப்பாவில் திறக்கும் கதவு இந்தியாவில் ஏன் பூட்டியிருக்கிறது? கம்பெனிக்கு இங்கே கை வலிக்குமா?

நம் நாட்டில் 2019-ம் வருஷத்துத் தனிநபர் விவர மசோதாவில், நம் விவரங்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை! டிஜிட்டல் போட்டி மசோதாவின் நகல் 2024 மார்ச்சில் வெளிவந்தது. நகல் நகலாகவே இருக்கிறது. யார் வற்புறுத்தி எடுத்தார்கள், யார் வற்புறுத்தி நிறுத்தினார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் கையில் இருப்பது

சட்டம் வரும் வரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதலாவதாக, பொதுக் காரியம் தனியார் வாசல் வழியாக மட்டும் நடக்கக் கூடாது. மழை எச்சரிக்கை, ரேஷன் செய்தி, பள்ளிக்கூடத்து அறிவிப்பு, கொழுந்து விலை ஆகியவை வாட்ஸ்அப்பில் வருவதில் ஆட்சேபணை இல்லை; அதில் மட்டும் வருவதில்தான் ஆட்சேபணை. சாதாரண எஸ்.எம்.எஸ்., அறிவிப்புப் பலகை, வானொலி எல்லாம் இருக்கின்றன. வால்பாறையில் யானை நடமாட்டத்தைச் சாதாரண எஸ்.எம்.எஸ். மூலமே மக்களுக்குத் தெரிவித்து உயிர்களைக் காத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. இந்தக் கோத்தகிரியிலேயே ஒரு சமுதாய வானொலி இயங்கி, மலைவாழ் மக்களின் குரலை ஒலிபரப்பியிருக்கிறது. இப்படிப்பட்ட பொதுச் சாதனங்களைப் பலப்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, போவதானால் சேர்ந்து போக வேண்டும். ஒரு சங்கக் கிளை, ஒரு கூட்டுறவு ஆலையின் அங்கத்தினர்கள், ஒரு வகுப்பின் பெற்றோர்கள் கூடிப் பேசி, தங்கள் குரூப்பை மட்டும் லாப நோக்கமில்லாத வேறு செயலிக்கு மாற்றலாம். பழையதை உடனே அழிக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பழைய பாதையை அடைக்கும் முன் புதிய பாதையை வெட்டித்தானே ஆக வேண்டும்? தனியாக விலகி நிற்கும் நேர்மையான இளைஞர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுடைய துறவு எல்லோருக்கும் விதியாக முடியாது. விலக முடியாதவனைக் கோழை என்று ஏசுவது, கொழுந்தை விற்றுத் தீர வேண்டியவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவதைப் போன்றது.

மூன்றாவதாக, இந்தக் கம்பெனியை நம் மக்கள் ஏற்கெனவே ஒரு தடவை தோற்கடித்திருக்கிறார்கள். ‘இலவச இணையம்’ என்று ஆசை காட்டி, தான் பொறுக்கிக் கொடுக்கும் சில பக்கங்களை மட்டும் ஏழைகளுக்குக் காட்ட ஃபேஸ்புக் திட்டமிட்டது. ஏராளமாக விளம்பரம் செய்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் மாணவர்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். லட்சக்கணக்கான கடிதங்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ல் ஆணையம் அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்தது. அன்று எழுதியவர்களில் எவரும் இணையத்தை விட்டு விலகவில்லை. உள்ளே இருந்துகொண்டே போராடினார்கள். வென்றார்கள்.

ஆகவே, “விலக முடியுமா?” என்ற கேள்விக்கு நம் பதில் இது: தனியாக முடியாது, சேர்ந்தால் முடியும். விலகினாலும் விலகாவிட்டாலும், விலகும் வாசல் திறந்திருக்க வேண்டும். செயலிகள் ஒன்றோடொன்று பேசக் கட்டாயப்படுத்தும் சட்டம், நம் விவரங்களை நாமே எடுத்துச் செல்லும் உரிமை, பொதுச் செய்திக்குப் பொது வழி ஆகிய மூன்றையும் பஞ்சாயத்து முதல் பார்லிமெண்ட் வரை கேட்போம்.

வாசல் திறந்திருக்கும் வீட்டில்தான் எஜமானன் மரியாதையாகப் பேசுவான். மலையில் உழைத்துப் பிழைக்கும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.